வீட்டின் முதற் பல்கலைக்கழக மாணவர்



கற்பிட்டிக் குடாநாட்டில் கடற்றொழிலாளி ஒருவரின் வீட்டிலோ, வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைப்பவர் ஒருவரின் வீட்டிலோ பிறந்து, தன் உறவினருள் எவரும் மிதித்தறியாத பல்கலைக்கழக வாயிலை நோக்கிப் படிக்கின்ற ஒரு பிள்ளையைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். அப்பிள்ளை ஆண்பிள்ளையாகவும் இருக்கலாம், பெண்பிள்ளையாகவும் இருக்கலாம். அதற்கு அறிவு குறைவு என்பாரும் உளர். முயற்சி குறைவு என்பாரும் உளர். நெடுங்காலம் வகுப்பறையிலும் அதிபர் நாற்காலியிலும் இருந்து பார்த்த எனக்கு இவ்விரண்டும் உண்மையாகத் தோன்றவில்லை. கற்றோர் வீட்டில் சோறு உண்ணும் வேளையிலேயே பிள்ளையின் காதில் விழுந்துவிடும் சில செய்திகள் இந்த வீட்டில் விழுவதில்லை. எந்தப் பாடத்தை எடுப்பது, எந்த மாவட்டத்தின் கணக்கில் சேர்வது, எத்தனை முறை எழுதலாம், எந்தப் படிவத்தில் எதை முதலில் எழுதுவது என்னும் சிறு செய்திகள்தாம் அவை. ஆனால் ஆண்டுக்காண்டு பிள்ளைகளை வாயிலுக்கு வெளியே நிறுத்துபவை அவையே என்பது என் அபிப்பிராயம்.

கற்பிட்டியை நேரிற் காணாத நேயர்களுக்கு ஓரிரு வார்த்தைகள் கூற வேண்டும். புத்தளத்திற்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் பிரியும் வீதி, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் மணற்பாங்கான நிலத்தின் ஊடாக வடக்கு நோக்கிச் செல்கின்றது. ஒருபுறம் புத்தளம் கடனீரேரி, மறுபுறம் பெருங்கடல். வழியில் நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை முதலிய ஊர்கள். தலவிலையில் புனித அன்னம்மாள் தேவாலயம். நுனியில் ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இல் கட்டி முடித்த கோட்டை. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் சிங்கள மக்களும் அண்டை அயலாக வாழும் பூமி இது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மிகப் பெருந்தொகையினர் வந்து சேர்ந்ததும் இந்தப் புத்தளம் மாவட்டத்திற்கே. உடுத்த உடையோடு வந்த அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்புகளில் இருக்கின்றார்கள்.

இம்மண் கல்விக்கு ஒவ்வாத மண் என்று எவரும் சொல்ல முடியாது. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1859 இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807 இல் இந்தக் கற்பிட்டியிலே பிறந்தவர். சட்டநிருபண சபையிலும் அமர்ந்தவர். இலங்கையில் பல்கலைக்கழகம் என்னும் பெயரே கேளாத காலத்தில் இவ்வளவையும் செய்தார் அவர்.

நிற்க. இலவசக் கல்வி உள்ள நாட்டில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்கள் தலைமை வகித்த குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்றாயிற்று. அதே 1945 ஆம் ஆண்டிலே, முஸ்லிம்களுள் முதன்முதலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தவரும், பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கியவருமான ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தார்கள். கட்டணமே இல்லையென்று அரசாங்கம் அறிவித்த ஆண்டில் கல்விக்காக நிதி திரட்ட ஒருவர் புறப்பட்டார் என்றால், அவர் ஏதோ ஒன்றைக் கண்டிருக்க வேண்டும். கட்டணம் நீங்கிய பின்னும் செலவு நீங்குவதில்லை. பஸ் பணம் உண்டு, புத்தகம் உண்டு, பிள்ளை உழைத்துக் கொண்டுவந்திருக்கக் கூடிய கூலியின் இழப்பும் உண்டு. கடைசியிற் சொன்ன இழப்பை எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எவரும் எழுதுவதில்லை. ஆயினும் ஏழை வீட்டில் அதுவே பெரிய தொகை.

அந்த இழப்பு எப்போது கண்ணுக்குத் தெரிகின்றது என்று கேட்டால், சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் என்று சொல்வேன். பதினாறு வயதுப் பையன் வீட்டில் சும்மா இருக்கின்றான். மாமா படகிற்கு ஓர் ஆள் தேவை என்கின்றார். போகின்றான். கையிற் பணம் வருகின்றது; அதில் ஒரு பகுதியைத் தாயின் கையிற் கொடுக்கின்றான்; வீட்டில் அவனுக்கு மதிப்பும் கூடுகின்றது. பெறுபேறு வந்து ஆறு பாடம் சித்தி என்று தெரியும்போது, அவன் மறுபடி வெள்ளைச் சட்டை அணிந்து, கையிற் காசின்றி, பஸ்ஸிற் செல்ல வேண்டிய மாணவனாகத் திரும்பிவர வேண்டும். பலர் திரும்புவதில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவது அறியாமை. பெண்பிள்ளையாயின் அந்த மாதங்களில் வேறுவகைப் பேச்சு வீட்டிற்கு வருகின்றது; அதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகையால், பெறுபேறு வரும்வரை காத்திராமல், பரீட்சை முடிந்த அடுத்த வாரமே அப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்து, ஆங்கிலமோ கணினியோ ஏதேனும் ஒன்றை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது கற்பிக்கும் பாடசாலைகள் அறிவுள்ள பாடசாலைகள் என்பேன். அங்கே கற்பிக்கும் ஆங்கிலம் எவ்வளவு என்பது பெரிதன்று. பையனின் பெயர் பாடசாலையின் இடாப்பில் இருக்கின்றது. மாமாவிற்குச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கின்றது.

அடுத்தது பாடப் பிரிவு. இங்கே பாடசாலைகளின் வகையைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவுகளும் உள்ளவை 1 ஏபி பாடசாலைகள். கலையும் வர்த்தகமும் மாத்திரம் உள்ளவை 1 சி பாடசாலைகள். ஏனையவற்றில் உயர்தரமே இல்லை. கிராமத்துப் பிள்ளை பெரும்பாலும் அருகில் உள்ள பாடசாலையில் என்ன பிரிவு இருக்கின்றதோ அதையே எடுக்கின்றது. வீதியின் அமைப்பும் பஸ்ஸின் நேரமும் பிள்ளையின் தொழிலை நிர்ணயித்துவிடுகின்றன. இதே குடாநாட்டில், நுரைச்சோலையில், 900 மெகாவாட் வலுவுள்ள நிலக்கரி மின்னிலையம் நிற்கின்றது. அதன் முதற்பகுதி 2011 இல் இயங்கத் தொடங்கியது. அதன் புகைபோக்கி எங்கள் மாணவர்கள் பலரின் கண்ணில் நாள்தோறும் படுகின்றது. அதனுள்ளே பொறியியலாளராக நுழைவதற்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் வேண்டும். அவற்றைத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் மாற்றம் பெற்றுச் சென்றால், அவ்விடத்திற்கு இன்னொருவர் வரும்வரை அந்த வகுப்பின் கதி என்ன என்பதை இத்தகைய ஊர்களிற் பணியாற்றிய ஆசிரியர்கள் அறிவார்கள்.

நான் கலைமாணிப் பட்டம் பெற்றவன். ஆதலின் கலைப் பிரிவை இழிவாகப் பேசுகின்றேன் என்று எவரும் எண்ண வேண்டாம். தமிழும் வரலாறும் புவியியலும் விரும்பிக் கற்கும் பிள்ளைக்கு அவை சிறந்த பாடங்களே. வேறு வழி இல்லாமையால் கலையை எடுத்த பிள்ளைக்கும், விரும்பி எடுத்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டையே சுட்டுகின்றேன்.

பாடந் தெரிவதில் இன்னொரு மயக்கமும் உண்டு. ‘இந்தப் பாடம் இலகு, இதில் எல்லாரும் ‘ஏ’ எடுக்கிறார்கள்’ என்று யாரோ சொல்லக் கேட்டுப் பிள்ளை அதைத் தெரிந்தெடுக்கின்றது. பல்கலைக்கழகத் தெரிவு இப்போது ‘ஏ’, ‘பி’ என்னும் எழுத்துகளைக் கொண்டு நடைபெறுவதில்லை. 2001 ஆம் ஆண்டிலிருந்து இஸட் புள்ளி என்னும் முறை கையாளப்படுகின்றது. ஒரு பாடத்திற்குத் தோற்றிய எல்லாருடைய புள்ளிகளின் சராசரியை எடுத்து, அதிலிருந்து இந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கின்றது என்பதை, அப்பாடத்தில் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதோடு ஒப்பிட்டு அளப்பதே அம்முறை. சராசரிப் பிள்ளைக்குக் கிடைப்பது பூச்சியம். மூன்று பாடங்களுக்கும் வரும் அளவின் சராசரியே இறுதிப் புள்ளி. ஆகவே எல்லாரும் உயர்ந்த புள்ளி பெறும் பாடத்தில் நாமும் உயர்ந்த புள்ளி பெறுவதால் ஆவது அதிகம் இல்லை. தனக்கு எது நன்றாக வருமோ அதுவே இலகுவான பாடம். படித்த வீட்டுப் பிள்ளைக்கு இதை அண்ணன் சொல்லிவிடுகின்றான். நம்முடைய பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பு ஆசிரியர்தான் அண்ணன்.

இனி, மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லுதல் வேண்டும். ஏனெனில் கற்பிட்டிப் பிள்ளையின் நிலை பெரிதும் இதிலேயே தங்கியுள்ளது. 1971 இல் மொழிவாரியான தரப்படுத்தலும், 1974 இல் மாவட்ட அடிப்படையும் வந்தன. யாழ்ப்பாணத்தில் அவை ஆறாத புண்ணை உண்டாக்கின என்பது யாவரும் அறிந்தது. நன்கு படித்த மாணவன் தன் மொழியின் பொருட்டும் தன் மாவட்டத்தின் பொருட்டும் பின்னே தள்ளப்பட்டான்; அவன் கொதித்தது இயல்பே. எனினும் மாவட்ட அடிப்படை என்பது மன்னாரிலும் புத்தளத்திலும் வேறொரு முகத்தைக் காட்டியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விஞ்ஞானகூடமே இல்லாத ஊர்களிலிருந்து ஓரிருவர் பல்கலைக்கழகம் புக முடிந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். ஒரே சட்டம் இரண்டு கடற்கரைகளில் இருவேறு விதமாக நினைக்கப்படுகின்றது.

இப்போது உள்ள ஏற்பாட்டின்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. நூற்றுக்கு 55 இடங்கள் சனத்தொகைக்கேற்ப 25 மாவட்டங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. எஞ்சிய 5, கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படுகின்றன. புத்தளம் அப்பதினாறில் ஒன்று.

கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. ஆனால் மாவட்டம் என்பது ஒரே தன்மையான நிலம் அன்று. புத்தளம் மாவட்டம் வடக்கே வில்பத்துக் காட்டிலிருந்து தெற்கே நீர்கொழும்பின் எல்லை வரை நீண்டு கிடப்பது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அதில் ஏறத்தாழ 7,62,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சிங்களம் பேசுவோர். தென்பகுதியில் சிலாபம், மாரவில, வென்னப்புவ ஆகிய ஊர்களில் நீண்டகாலப் பெயர்பெற்ற கல்லூரிகள் உள்ளன. கொழும்புக்குச் செல்லும் புகைவண்டியும் உண்டு. மாவட்டத்திற்குரிய இடங்களுக்கு அவ்வூர்ப் பிள்ளைகளும் கற்பிட்டித் தீவுகளில் வாழும் கடற்றொழிலாளரின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கின்றார்கள். கணக்கிடும் முறைக்கு இருவரும் ‘புத்தளம்’ என்னும் ஒரே சொல்தான். பின்தங்கிய மாவட்டம் என்னும் சலுகை, அம்மாவட்டத்திற்குள்ளே முன்னேறியவர்க்கே முதலிற் சென்று சேர்கின்றது. இதை மாற்ற வேண்டுமாயின் பிரதேச செயலகப் பிரிவு, பாடசாலையின் வசதி என்பன போன்ற சிறிய அலகுகளை நோக்க வேண்டும் என்று நான் கருதுகின்றேன். அஃது எளிதன்று, சிறிய அலகுகளில் ஏமாற்றும் எளிது. ஆயினும் ஆராயப்பட வேண்டிய விஷயம்.

அது நடக்கும் வரை, உள்ள சட்டத்தையாவது அறிந்திருப்போம். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுக் காலத்தில் மாணவர் பயின்ற பாடசாலை அமைந்துள்ள மாவட்டமே, பொதுவாக, அவருடைய மாவட்டமாகக் கொள்ளப்படும். இதையறியாமல், கொழும்பில் உள்ள உறவினர் வீட்டில் நல்ல பாடசாலை கிடைக்கும் என்று நம்பி, உயர்தரத்திற்குப் பிள்ளையை அனுப்பிவிடும் பெற்றோர் உண்டு. பிள்ளை அங்கே சற்று நன்றாகவே படிக்கலாம். ஆனால் தன் மாவட்டத்திற்குரிய இடத்தை விட்டுவிட்டு, நாட்டிலேயே போட்டி மிகுந்த மாவட்டத்தின் வரிசையில் போய் நிற்க நேரிடலாம். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதுவே நல்லது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அவ்விதியை வாசித்தறிந்த பின் போகலாம் என்றே சொல்கின்றேன்.

கடலுக்கும் பரீட்சைக்கும் உள்ள உறவை மறந்துவிடக் கூடாது. நெடுங்காலம் உயர்தரப் பரீட்சை ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற்று வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசி மேற்குக் கடல் கொந்தளிக்கும் காலம் அது; படகுகள் பெரும்பாலும் கரையில் இருக்கும்; பிள்ளையின் கைக்கு வேலை குறைவு. கொரோனாவிற்குப் பின் பரீட்சைக் காலம் மாறிற்று; 2024 இலும் 2025 இலும் நவம்பரிலேயே பரீட்சை தொடங்கியது. காற்று ஓய்ந்து கடல் அமைதியடைந்து மீன்பிடிப் பருவம் தொடங்கும் நாட்கள் அவை. வீட்டில் ஒவ்வொரு கையும் தேவைப்படும் வேளையில் பிள்ளை புத்தகத்தோடு இருக்க வேண்டியிருந்தது. திகதியைத் தீர்மானித்தோர் கற்பிட்டிக் கடலைப் பற்றி எண்ணியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் தந்தையார் எண்ணலாம். பாடசாலை மூலம் தோற்றும் மாணவர் நூற்றுக்கு 80 வரவு பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதியும் உண்டு. பருவம் தொடங்கும்போது ஒரு வாரம், மீன் காய வைக்கும்போது ஒரு வாரம் என்று கழித்துக்கொண்டே போனால், அறிவிருந்தும் அனுமதி கிடையாமற் போகும்.

முதன்முறை பெறுபேறு குறைந்தால் என்ன செய்வது? பல்கலைக்கழகத் தெரிவிற்காக ஒருவர் மூன்று முறை தோற்றலாம். படித்த குடும்பத்தில் இரண்டாம் முறை எழுதுவது சாதாரண விஷயம்; மருத்துவராகவும் பொறியியலாளராகவும் இருப்போர் பலர் இரண்டாம் முறை எழுதியவர்களே. ஏழை வீட்டில் முதன்முறையே கடைசி முறை ஆகிவிடுகின்றது. தகுதி பெறுவதற்கும் இடம் பெறுவதற்கும் உள்ள தூரத்தையும் அவ்வீட்டார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 2022 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையில் 1,66,000 பேருக்கு மேல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றனர். இடம் கிடைத்தது நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றுக் கூடிய தொகையினர்க்கே. ‘பாஸ் பண்ணிவிட்டாள், ஆனால் கிடைக்கவில்லை’ என்னும் செய்தி அந்தத் தாய்க்கு விளங்குவதில்லை. பிள்ளை ஏதோ பிழை செய்துவிட்டது என்றே நினைக்கின்றாள். அப்படியன்று என்பதை ஆசிரியர் ஒருவர் வீட்டிற்குச் சென்று கூறுதல் வேண்டும். கல்வியியற் கல்லூரி, தொழினுட்பக் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகம் ஆகிய வழிகளையும் அப்போதே கூறுதல் வேண்டும்.

விண்ணப்பப் படிவத்திற்கு வருவோம். இப்போது அதை இணையத்தின் வழியாகவே நிரப்ப வேண்டும். கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் குறிக்கும் குறியீடுகளைத் தம் விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். பிள்ளையின் இஸட் புள்ளி போதுமானதாக உள்ளவற்றுள், ஒழுங்கில் முதலில் நிற்பதே வழங்கப்படும். அயலில் உள்ள தொலைத்தொடர்பு நிலையத்தில் நூறு இருநூறு ரூபாய் கொடுத்து, அங்கே அமர்ந்திருக்கும் இளைஞன் தோன்றியபடி தட்டிவிட்ட ஒழுங்கினால் நான்கு ஆண்டுகள் விரும்பாத துறையில் கழித்தோர் உண்டு. ஆதலின், ஒழுங்கை முதலிற் தாளில் எழுதி, ஆசிரியர் இருவரிடம் காட்டி, ஒரு நாள் வைத்திருந்து, பின்னரே தட்டச்சுச் செய்ய வேண்டும். முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளிகள் மாவட்ட வாரியாக வெளியிடப்படுகின்றன. அவற்றில் புத்தளம் என்னும் நிரலைப் பார்த்தால் நிலை ஓரளவு விளங்கும்.

எங்கே போவது என்னும் கேள்வி தந்தையுடையது. கற்பிட்டிக்கு அண்மையில் உள்ளது குளியாப்பிட்டியில் அமைந்த வயம்பப் பல்கலைக்கழகம். ஆனால் அங்கே கலைப்பீடம் இல்லை. தமிழில் கலை பயில விரும்பும் பிள்ளைக்கு யாழ்ப்பாணம், பேராதனை, வந்தாறுமூலை, ஒலுவில் ஆகிய இடங்களே பெரும்பாலும் கண்முன் நிற்கும். 1995 இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள ஒலுவில், தீவின் மறு கரையில் இருப்பது. மகளை அவ்வளவு தூரம் தனியே அனுப்புவதா என்று தந்தை தயங்கினால், அவரைப் பழமைவாதி என்று நகைப்பது எளிது. அவர் தம் வாழ்நாளில் ஒலுவிலைக் கண்டதில்லை. அங்கே எவரையும் அறிந்ததில்லை. முன்பு அங்கே படித்த நம்மூர்ப் பிள்ளை ஒருத்தியின் பெற்றோரை அவர் வீட்டிற்கு அழைத்துச் சென்று பேசவைத்தால், அதிபர் பத்து முறை சொல்வதிலும் பயன் அதிகம். முதலாண்டு மாணவிகளுக்குப் பெரும்பாலும் விடுதி வசதி கிடைக்கின்றது என்பதையும், பெண்பிள்ளைகள் அங்கே கூட்டமாகவே இருக்கின்றார்கள் என்பதையும் அந்தத் தாய் அவரிடம் சொல்வாள்.

பணத்திற்கு மகாபொல புலமைப்பரிசில் உண்டு. 1981 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நிதியத்திலிருந்து அது வழங்கப்படுகின்றது. அது கிடையாதவர்க்குக் குடும்ப வருமானத்தை நோக்கி வழங்கப்படும் உதவுதொகை உண்டு. இரண்டும் பல்கலைக்கழகம் சென்ற மறுநாளே கைக்கு வருவன அல்ல. சில மாதங்கள் செல்லும். அந்த முதற் சில மாதங்களுக்கான செலவை, பிரயாணம், மெத்தை விரிப்பு, சாப்பாடு, நிழற்படப் பிரதி உட்பட, முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். பள்ளிவாசல் நிருவாகமோ, தேவாலயச் சபையோ, மீனவர் சங்கமோ ஊருக்கு ஐந்து பிள்ளைகளுக்கு அவ்வளவைக் கடனாகக் கொடுத்தாற்கூடப் போதுமானது. வருமானத்தைக் காட்டும் சான்றுகளுக்குக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைய வேண்டியிருக்கும். கடற்றொழிலுக்குச் சம்பளப் பத்திரம் இல்லை. தோட்டக் கூலிக்கும் இல்லை. எனவே கடிதம் வந்த பின் தொடங்காமல், விண்ணப்பம் அனுப்பிய மாதத்திலேயே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கின்றதா என்பதை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். திருத்துவதற்கு நாட்கள் செல்லும்.